ராணுவ பைலட் ஆக எந்த டிகிரி படிக்கலாம்? பாலக்காட்டு எல்லைப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், முதலமடை, மீனாட்சிபுரம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் பிளஸ் டூ ரிசல்ட் சமயத்தில் என்னிடம் கேட்கிற கேள்விகள் இவை. நான் விமானப்படையில் தரைப்பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். விமானம் ஓட்டியவன் இல்லை, ஓட்டுகிறவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன். விதிகள் அவ்வப்போது மாறும். அதனால் விண்ணப்பிக்கும் முன் அந்தந்த ஆண்டின் அறிவிக்கையை ஒருமுறை முழுவதும் படித்துவிடுங்கள்.

பைலட் ஆக எந்த டிகிரி எடுக்க வேண்டும்?

எந்த டிகிரியும் எடுக்கலாம். பலருக்கு இது நம்பிக்கை வருவதில்லை, அதனால் விதியையே சொல்கிறேன். டிகிரி முடித்தவர்களுக்கு விமானப்படை நடத்தும் தேர்வு ஏஎஃப்கேட். அதில் ஃப்ளையிங் பிரிவுக்குக் கேட்பது இரண்டு. ஒன்று, பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல் இரண்டிலும் தனித்தனியாக 50 சதவீதம். இரண்டு, குறைந்தது மூன்று ஆண்டு டிகிரி ஏதாவது ஒன்றில், அல்லது பி.இ., பி.டெக்கில், 60 சதவீதம். பி.ஏ. வரலாறு படித்தாலும் பி.காம். படித்தாலும் பிளஸ் டூ சரியாக இருந்தால் கதவு திறந்தே இருக்கிறது.

2016 ஜூனில் இந்தியாவின் முதல் மூன்று பெண் போர் விமானிகள் பொறுப்பேற்றார்கள். அவனி சதுர்வேதி படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். பாவனா காந்த் பெங்களூரில் மெடிக்கல் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். மோகனா சிங் எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன். மூவரில் ஒருவர்கூட ஏரோநாட்டிகல் இல்லை.

பறப்பதற்கு வேண்டிய காற்றியக்கவியல், வானிலை, வழிகாணல், எஞ்சின் எல்லாவற்றையும் ஹைதராபாத் பக்கத்தில் துண்டிகல் விமானப்படை அகாடமியில் முதல் எழுத்திலிருந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். அங்கே பி.டெக்.காரரும் பி.எஸ்சி.காரரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார வேண்டும்.

அப்படியானால் எதை வைத்து டிகிரியைத் தேர்ந்தெடுப்பது?

என் கணக்கு இதுதான்: அரியர் இல்லாமல் 60 சதவீதத்துக்கு மேல் வாங்க முடிகிற படிப்பு, சீக்கிரம் முடிகிற படிப்பு, பைலட் வேலை கிடைக்காவிட்டாலும் சோறு போடுகிற படிப்பு. மூன்றும் சேர்ந்து வரும் டிகிரி உங்களுக்கு எதுவோ அதை எடுங்கள்.

மூன்றாவதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எழுத்துத் தேர்வு, ஐந்து நாள் நேர்முகத் தேர்வு, பைலட் திறன் சோதனை, மருத்துவம் என்று ஒவ்வொரு படியிலும் ஆள் குறைந்துகொண்டே போகும். வடிகட்டப்படுகிறவர்களில் நல்ல மூளைக்காரர்கள் நிறைய. மருத்துவத்தில் ஒரு சின்னக் காரணத்துக்காக வெளியே வந்தவனிடம் கையில் பிடித்தமில்லாத டிகிரி மட்டும் இருந்தால், அது இரட்டை அடி.

இன்னொன்றையும் யாரும் யோசிப்பதில்லை. ஏஎஃப்கேட் வழியாகப் போகிற பைலட்டுக்குப் பணிக்காலம் 14 ஆண்டு. இருபத்திரண்டில் சேர்ந்தவர் முப்பத்தாறு, முப்பத்தேழில் வெளியே வருவார். பயணிகள் விமானத்துக்குப் போகிறவர்கள் உண்டு. எம்.பி.ஏ. படித்துக் கம்பெனிக்குப் போகிறவர்களும் உண்டு. பதினெட்டு வயதில் எடுத்த டிகிரி அப்போது மறுபடியும் வெளியே வரும்.

ஏரோநாட்டிகல் எடுத்தால் முன்னுரிமை உண்டா?

பைலட் பணிக்கு இல்லை. ஏரோநாட்டிகல் என்பது விமானத்தை வடிவமைக்கவும் செய்யவும் பராமரிக்கவும் சொல்லிக்கொடுக்கும் படிப்பு. ஓட்டுவது வேறு தொழில்.

நமக்கெல்லாம் தெரிந்த உதாரணம் அப்துல் கலாம். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ஏரோநாட்டிகல் படித்துவிட்டு விமானப்படைத் தேர்வுக்கு டேராடூன் போனார். 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். எடுத்தது எட்டுப் பேரை. (2006இல் குடியரசுத் தலைவராக, 74 வயதில், புனேயில் சுகோய்-30இன் பின்சீட்டில் உட்கார்ந்து பறந்தார் என்பது வேறு கதை.)

விமானத்தின் மீது உண்மையான ஆசை இருந்து, அதன் கணக்குகள் பிடித்திருந்தால் எடுங்கள். பைலட் வேலை கிடைக்காவிட்டால் விமானப்படையின் தொழில்நுட்பப் பிரிவுக்கும் விண்ணப்பிக்கலாம். அந்தப் பிரிவுக்கு எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் படித்தவர்களும் போகலாம், வெளியே வேலையும் அவர்களுக்குத்தான் கூடுதல். கல்லூரி விளம்பரத்தில் போர் விமானப் படம் போட்டிருக்கிறது என்பதற்காக மட்டும் பணம் கட்டாதீர்கள்.

பிளஸ் டூவில் எந்த குரூப்?

டிகிரியைவிட இதுதான் முக்கியம், இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். கணக்கும் இயற்பியலும் கட்டாயம். கேரளப் பாடத்திட்டத்தில் பயாலஜி குரூப் எடுத்தாலும் பெரும்பாலும் கணக்கு கூடவே வரும், அதனால் பிரச்சினை இல்லை. பொள்ளாச்சி, கோவைப் பக்கம் பள்ளியில் சேர்க்கிறவர்கள் கவனமாக இருங்கள். அங்கே தாவரவியல், விலங்கியலோடு கணக்கே இல்லாத குரூப் உண்டு. ஆந்திர எல்லையில், குப்பம், நகரி பக்கம் இருக்கும் சொந்தக்காரர்கள் கேட்டால் எம்.பி.சி. குரூப் (கணக்கு, இயற்பியல், வேதியியல்) என்று சொல்லுங்கள், உயிரியல் குரூப்பான பை.பி.சி.யில் கணக்கு கிடையாது. காமர்ஸ் எடுத்துவிட்டால் பைலட் ஆசையை அத்தோடு மடித்து வைக்க வேண்டியதுதான்.

பி.எஸ்சி.யா, பி.டெக்கா?

வயதை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஏஎஃப்கேட்டிலும், டிகிரி முடித்தவர்களை முப்படை அதிகாரிகளாக எடுக்க யு.பி.எஸ்.சி. நடத்தும் சிடிஎஸ் தேர்வின் விமானப்படைப் பிரிவிலும், பயிற்சி தொடங்கும் நாளில் வயது 20க்கும் 24க்கும் நடுவில் இருக்க வேண்டும்.

பதினேழரையில் பிளஸ் டூ முடிக்கும் பையன் மூன்றாண்டு பி.எஸ்சி. முடிக்கும்போது இருபதரை. பி.டெக். என்றால் இருபத்தொன்றரை. இறுதியாண்டிலேயே விண்ணப்பிக்கலாம். ஏஎஃப்கேட் ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது, சிடிஎஸ்ஸும் அப்படியே. ஆக பி.எஸ்சி.காரருக்கு ஓர் ஆண்டு, அதாவது இரண்டு ஏஎஃப்கேட்டும் இரண்டு சிடிஎஸ்ஸும், கூடுதலாகக் கிடைக்கிறது. தாமதமாகப் பள்ளியில் சேர்ந்தவர்கள், நடுவில் ஓர் ஆண்டு நீட் கோச்சிங்குக்குப் போய்வந்தவர்கள் எல்லாம் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பத்தொன்பதில் பி.டெக். சேர்ந்தால் முடிக்கும்போது இருபத்துமூன்று. அதன்பின் இருப்பது ஒரே ஓர் ஆண்டு.

2024இல் இருந்து கேரளப் பல்கலைக்கழகங்களில் நான்காண்டு பட்டப்படிப்பு வந்துவிட்டது. சித்தூர் அரசுக் கல்லூரியிலோ பாலக்காடு விக்டோரியாவிலோ சேர்கிறவர்கள் பயப்பட வேண்டாம். மூன்றாம் ஆண்டு முடிவில் டிகிரி வாங்கிக்கொண்டு வெளியேற வழி இருக்கிறது, ஏஎஃப்கேட்டுக்கு அது போதும்.

பி.டெக்கின் பக்கமும் சொல்ல வேண்டும். கடற்படை பைலட் ஆக பி.இ. அல்லது பி.டெக். வேண்டும், பி.எஸ்சி. எடுபடாது. தொழில்நுட்பப் பிரிவும் பொறியியல் படித்தவர்களுக்குத்தான். எனவே, வயதில் இடம் இருந்து, பொறியியல் பாடங்களில் தடுமாறாத பிள்ளை என்றால் என் ஓட்டு பி.டெக்குக்கு. கணக்கில் நடுத்தரம், ஆங்கிலமும் பொது அறிவும் நன்றாக வரும் என்றால் பி.எஸ்சி.யோ பி.ஏ.வோ எடுத்துவிட்டு, மிச்ச நேரத்தைத் தேர்வுக்கும் ஓட்டத்துக்கும் கொடுப்பது நல்லது.

60 சதவீதம் என்கிறார்கள். எனக்கு சிஜிபிஏதானே வருகிறது?

சிஜிபிஏவைச் சதவீதமாக மாற்ற ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. சும்மா பத்தால் பெருக்கிப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். சில வாய்ப்பாடுகளில் அதைவிடக் குறைவாக வரும். பல்கலைக்கழகத்தின் மாற்றுச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

அரியர், கேரளத்தில் சப்ளி, எந்தப் பெயரானாலும் சரி, நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது ஒன்றும் பாக்கி இருக்கக் கூடாது. இதனால்தான் ‘கஷ்டமான படிப்பு எடுத்தால் மதிப்பு கூடும்’ என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. தேர்வு வாரியத்தில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் டிகிரியின் பெயரைப் பார்த்து மதிப்பெண் போடுவதில்லை. ஆனால் நீங்கள் படித்ததையே உங்களால் விளக்க முடியவில்லை என்றால் அதைக் கட்டாயம் கவனிப்பார்.

கல்லூரிக்கே போகாமல் என்டிஏ எழுதலாமா?

எழுதலாம், எழுதவும் வேண்டும். பிளஸ் டூ முடித்தவர்களைத் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கு எடுக்கும் தேர்வு அது. பதினாறரை முதல் பத்தொன்பதரை வயது வரை. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணக்கு. பிளஸ் டூ இரண்டாம் ஆண்டு படிக்கும்போதே விண்ணப்பிக்கலாம். கணக்குத் தாள் 300, பொதுத்திறன் தாள் 600, நேர்முகம் 900 மதிப்பெண். தேறினால் புனே பக்கத்தில் கடக்வாஸ்லாவில் மூன்று ஆண்டு. டிகிரி அங்கேயே கிடைத்துவிடும், செலவு அரசாங்கத்தினுடையது. அப்புறம் துண்டிகல்.

நம் ஊர்க்காரரே இதற்கு உதாரணம். ககன்யான் திட்டத்துக்குத் தேர்வான நால்வரில் ஒருவர் பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர். கொல்லங்கோட்டுக்குப் பக்கத்து நெம்மாறை. பாலக்காடு என்எஸ்எஸ் பொறியியல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர் என்டிஏ கிடைத்ததும் அதை விட்டுவிட்டுப் போனார். 1998 டிசம்பரில் விமானப்படை அதிகாரியானார், அகாடமியில் பயிற்சி பெற்றவர்களில் சிறந்தவருக்கான கௌரவ வாள் வாங்கினார். 2024 பிப்ரவரியில் தும்பாவில் அவர் பெயரை அறிவித்தபோது நெம்மாறை வேலா திருவிழாவுக்கு எத்தனை கூட்டமோ அத்தனை பேர் டிவி முன்னால் இருந்திருப்பார்கள்.

ஆக, கல்லூரியில் சேர்ந்து முதலாண்டு படித்துக்கொண்டே என்டிஏ எழுதுவதில் தவறில்லை. கிடைத்தால் போங்கள், கிடைக்காவிட்டால் டிகிரி நடந்துகொண்டிருக்கும்.

பைலட் திறன் சோதனையில் ஒரே ஒரு வாய்ப்பு என்பது உண்மையா?

உண்மை. சிபிஎஸ்எஸ் என்கிற கணினி வழிச் சோதனை. கையும் காலும் கண்ணும் ஒன்றாக வேலை செய்கிறதா, ஒரே சமயத்தில் பல அளவுகளைக் கவனிக்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். வாழ்நாளில் ஒரு தடவைதான். அதில் தவறினால் என்டிஏ, சிடிஎஸ், ஏஎஃப்கேட் எந்த வழியில் வந்தாலும் விமானப்படையில் பைலட் ஆக முடியாது. மற்றப் பிரிவுகளுக்குப் போகலாம்.

ஆகவே ‘சும்மா ஒரு அனுபவத்துக்கு’ என்று தூக்கம் கெட்டு ரயில் பிடித்து அந்தச் சோதனைக்குப் போகாதீர்கள். எழுத்துத் தேர்வை எத்தனை முறை வேண்டுமானாலும் பழகலாம், இதை முடியாது. முந்தின இரவு நன்றாகத் தூங்குங்கள், விளக்கம் சொல்லும்போது காதைக் கொடுங்கள். நமக்குப் பக்கத்துத் தேர்வு வாரியம் மைசூரில் இருக்கிறது.

கண்ணாடி போட்டிருக்கிறேன். உயரமும் கொஞ்சம் குறைவு.

டிகிரியைப் பற்றி யோசிக்கும் முன் இதைப் பார்த்திருக்க வேண்டும். ஃப்ளையிங் பிரிவுக்குக் குறைந்தபட்ச உயரம் 162.5 செ.மீ. அதோடு முடியவில்லை. உட்கார்ந்த உயரம் 81.5 முதல் 96 வரை, கால் நீளம் 99 முதல் 120 வரை, தொடை நீளம் 64க்குள். காக்பிட்டில் உட்கார்ந்தால் வெளியே தெரிய வேண்டும், பெடல் எட்ட வேண்டும், ஆபத்தில் இருக்கையோடு வெளியே வீசப்படும்போது முழங்கால் எங்கும் இடிக்கக் கூடாது. அதற்காகத்தான் இத்தனை அளவு. சுவரோடு ஒட்டி ஒரு ஸ்டூலைப் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, வீட்டிலேயே டேப் வைத்து அளந்து பார்த்துவிடலாம்.

கண்ணில் கிட்டப்பார்வை இருந்தால் பைலட் பணிக்குப் பெரிய தடை. லேசர் சிகிச்சை செய்துகொண்டால் சரியாகிவிடும் என்று கடைத்தெருவில் சொல்வதைக் கேட்டு ஓடாதீர்கள். வயது, எவ்வளவு காலம் ஆனது, கண்ணின் நீளம் என்று அதற்கே தனி நிபந்தனைகள் இருக்கின்றன. அறிவிக்கையின் மருத்துவப் பகுதியை அச்சடித்து எடுத்துக்கொண்டு கண் மருத்துவரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். நிறக்குருடுக்குச் சிகிச்சையே இல்லை, அது இருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது. பதினொன்றாம் வகுப்பிலேயே ஒருமுறை சோதித்தால் நான்கு ஆண்டுத் திட்டம் வீணாகாது.

மகளை அனுப்பலாமா?

தாராளமாக. 1990களிலிருந்தே பெண்கள் ஹெலிகாப்டரும் சரக்கு விமானமும் ஓட்டுகிறார்கள். போர் விமானம் 2016இல். என்டிஏவில் 2022இலிருந்து பெண்கள் படிக்கிறார்கள், முதல் அணி 2025 மேயில் வெளியே வந்தது. டிகிரி முடித்தால் ஏஎஃப்கேட். மதிப்பெண், டிகிரி விதிகள் ஆண், பெண் இருவருக்கும் ஒன்றே.

வீட்டில் பேச வேண்டிய ஒரு விஷயம் உண்டு. பயிற்சி தொடங்கும்போது 25 வயதுக்குள் இருப்பவர் மணமாகாதவராக இருக்க வேண்டும். பையனுக்கும் இதே விதிதான், ஆனால் இருபத்தொரு வயதில் பையனுக்கு யாரும் வரன் பார்ப்பதில்லை. டிகிரி முடித்த கையோடு ஜாதகத்தை வெளியே எடுக்காமல் இரண்டு ஆண்டு பொறுங்கள்.

ராணுவம், கடற்படை, கடலோரக் காவல்படையிலும் பைலட் உண்டாமே?

உண்டு. கடற்படை விமானப் பிரிவின் பெரிய தளங்கள் நமக்கு இரண்டு பக்கமும் இருக்கின்றன. கொச்சியில் ஐஎன்எஸ் கருடா, ஆந்திர எல்லையை ஒட்டி அரக்கோணத்தில் ஐஎன்எஸ் ராஜாளி. ஆனால் முன்பே சொன்னபடி பொறியியல் டிகிரி வேண்டும், பத்திலும் பிளஸ் டூவிலும் மதிப்பெண் பார்ப்பார்கள், ஆங்கிலத்துக்குத் தனியாகப் பார்ப்பார்கள். ராணுவத்தில் முதலில் அதிகாரி ஆக வேண்டும். சென்னை பரங்கிமலை அகாடமிக்கு எந்த டிகிரியும் போதும். பிறகு ராணுவ விமானப் பிரிவுக்குத் தேர்வாகி நாசிக்கில் ஹெலிகாப்டர் பயிற்சி. கடலோரக் காவல்படை டிகிரி எதையும் ஏற்கும், ஆனால் பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல் வேண்டும்.

அக்னிவீர் வாயு இதில் சேராது. அது விமானப்படைக்கு வீரர்களை எடுக்கும் திட்டம், பைலட் பணிக்கான வழி இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு வருகிறவர்கள் அதிகம்.

என்சிசி உதவுமா?

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வியே ‘இங்கே என்சிசி ஏர் விங் உண்டா?’ என்பதுதான். ஏர் விங் சீனியர் டிவிஷனில் ‘சி’ சான்றிதழ் இருந்தால் எழுத்துத் தேர்வு இல்லாமலே நேராக நேர்முகத்துக்கு அழைப்பு வர வாய்ப்புண்டு. சிடிஎஸ், ஏஎஃப்கேட் இடங்களில் பத்தில் ஒரு பங்கு இதற்கென்றே வைத்திருக்கிறார்கள். ஆர்மி விங், நேவல் விங் சான்றிதழ் ஃப்ளையிங் பிரிவுக்கு இந்த வழியில் செல்லாது. ஏர் விங் எல்லாக் கல்லூரியிலும் இருக்காது. டிகிரி இரண்டு கல்லூரியிலும் ஒன்றுதான், ஒன்றில் ஏர் விங் இருக்கிறது என்றால் பஸ்ஸில் அரைமணி நேரம் கூடினாலும் அங்கே சேருங்கள்.

தமிழ் மீடியத்தில் படித்தவன். ஹிந்தி சுத்தமாக வராது.

ஹிந்தி தெரியாமல் தேறலாம். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இருக்கும், நேர்முகத்திலும் ஆங்கிலத்தில் பேசலாம். ஆங்கிலம் இல்லாமல் மட்டும் முடியாது. நேர்முகத்தின் உளவியல் பகுதியில் 60 சொற்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வரும், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடிக்குள் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். மனத்துக்குள் தமிழில் யோசித்து மாற்றி எழுத நேரம் இருக்காது.

எல்லைப் பிள்ளைகளுக்குத் தமிழும் மலையாளமும் தண்ணீர் பட்ட பாடு. மூன்றாவது மொழி பிடிபட அதிக நாள் ஆகாது. ஆங்கிலத்தில் பேச ஒரு கூட்டாளியைப் பிடியுங்கள், தினமும் பத்திரிகையைச் சத்தமாகப் படியுங்கள். கல்லூரியில் மொழிப்பாடம் எதுவானாலும் செமினார் என்றால் முதல் ஆளாக எழுந்து நில்லுங்கள்.

பாலக்காட்டில் படிப்பதா, கோயம்புத்தூரில் படிப்பதா? சான்றிதழ் பிரச்சினை வருமா?

அதிகாரித் தேர்வுக்கு மாநில ஒதுக்கீடும் கிடையாது, சாதி ஒதுக்கீடும் கிடையாது. எந்த மாநிலத்தில் படித்தீர்கள் என்பது ஒரு பொருட்டே இல்லை. கல்லூரிச் சேர்க்கைக்குத்தான் அது பொருட்டு. இரண்டு மாநிலப் பட்டியல்களிலும் சாதிகள் ஒரே மாதிரி வைக்கப்படவில்லை, இருப்பிடச் சான்றும் கேட்பார்கள். அந்தந்தக் கவுன்சலிங் விதிகளைப் பார்த்து, கட்டணம் எங்கே குறைவோ அங்கே சேருங்கள்.

பெயர் விஷயத்தைச் சரிசெய்யுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் பின்னால், ஆதாரில் முன்னால், டிகிரியில் அப்பா பெயர் முழுசாக என்று மூன்று விதமாக இருப்பதை நிறையப் பார்க்கிறேன். பத்தாம் வகுப்பில் உள்ளபடியே மற்றதையெல்லாம் மாற்றிவையுங்கள்.

முதலில் தனியார் ஃப்ளையிங் பள்ளியில் லைசென்ஸ் எடுத்துவிட்டால்?

வணிக விமானி லைசென்ஸ் இருந்தால் வயது வரம்பு 24இலிருந்து 26 ஆகும், அவ்வளவுதான். மற்றச் சோதனைகள் எல்லாம் அப்படியே. அந்த இரண்டு ஆண்டுக்காகப் பல லட்சம் செலவழித்துத் தென்னந்தோப்பை அடகு வைப்பது அதிகப்படி. பயணிகள் விமானத்துக்குப் போகத்தான் எண்ணம் என்றால் அது வேறு கணக்கு.

எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?

ஏஎஃப்கேட் வழக்கமாகப் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், அறிவிக்கை அதற்குச் சில மாதம் முன்னால் டிசம்பரிலும் மே, ஜூனிலும். என்டிஏவும் சிடிஎஸ்ஸும் வழக்கமாக ஏப்ரலிலும் செப்டம்பரிலும். ஏஎஃப்கேட்டில் 100 கேள்வி, 300 மதிப்பெண், தவறுக்கு ஒரு மதிப்பெண் போகும். மூன்றாண்டு டிகிரி என்றால் இரண்டாம் ஆண்டு விடுமுறையில் பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்க்கத் தொடங்குங்கள், பி.டெக். என்றால் மூன்றாம் ஆண்டில். ஓடுவதை மட்டும் அதுவரை தள்ளிப்போடாமல் இந்த வாரமே ஆரம்பித்துவிடலாம்.